முதல் நாய்க்குட்டி: வீட்டுக்கு வரும் நாளிலிருந்து ஒரு வயது வரை

நாய்க்குட்டி வளர்ப்பதில் எது கஷ்டம் என்று கேட்டால் சாப்பாடு, ஊசி, செலவு என்றுதான் பலரும் சொல்வார்கள். அவை கேட்டுத் தெரிந்துகொண்டால் சமாளிக்கக் கூடியவை. வீட்டில் இருக்கிற எல்லாரும் குட்டியிடம் ஒரே மாதிரி நடந்துகொள்வதுதான் உண்மையான கஷ்டம். அப்பா சோபாவில் ஏறாதே என்று அதட்டுவார். தங்கை அதே சோபாவில் மடியில் வைத்துக் கொஞ்சுவாள். பாட்டி சாப்பிடும்போது இட்லியில் ஒரு துண்டு கிள்ளிப் போடுவார். குட்டி மூன்றையும் கவனமாகக் கற்றுக்கொள்ளும். ஆறு மாதம் கழித்து "சொல்பேச்சு கேட்கவே மாட்டேங்குது" என்று புகார் வரும். அது கேட்டுத்தான் நடந்திருக்கிறது, ஆளுக்கொன்று சொல்லியிருக்கிறார்கள்.

இதை நம்மூர் நாட்டு நாய்க்குட்டியை மனதில் வைத்து எழுதுகிறேன். தெருவில் பிறந்த குட்டி ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவருபவர்கள் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள். இதில் சொல்லியிருப்பதில் பெரும்பகுதி லாப்ரடாருக்கும் பொருந்தும், ராஜபாளையத்துக்கும் பொருந்தும்.

எந்தக் குட்டி, எத்தனை நாள் குட்டி

எட்டு வாரம் ஆகாத குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்காதீர்கள். 2017-இல் மத்திய அரசு கொண்டுவந்த நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளும் எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது என்கின்றன. அப்படியும் ஒரு மாதக் குட்டியைக் கையில் கொடுத்து "இப்பவே கொண்டுபோனால்தான் உங்களிடம் ஒட்டும்" என்பார்கள். நம்பாதீர்கள். நான்காவது வாரத்திலிருந்து எட்டாவது வாரம் வரை கூடப்பிறந்த குட்டிகளோடு புரண்டு சண்டை போடும்போதுதான், எவ்வளவு அழுத்திக் கடித்தால் மற்றதற்கு வலிக்கும் என்று ஒரு குட்டி தெரிந்துகொள்கிறது. அந்தப் பாடம் விட்டுப்போனால் அதை நம் கையை வைத்துத்தான் கற்பிக்க வேண்டியிருக்கும். தாய் வண்டியில் அடிபட்டு இறந்துபோன குட்டிகளுக்கு மட்டும் காத்திருக்க வழியில்லை. அவற்றை அன்றைக்கே டாக்டரிடம் காட்டி, என்ன பால், எத்தனை மணிக்கு ஒருமுறை என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

குட்டியைப் பார்க்கப் போகும்போது கண்ணில் பீளை, மூக்கில் சளி இருக்கிறதா என்று பாருங்கள். உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள், இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். உடம்பு மெலிந்து வயிறு மட்டும் உப்பியிருந்தால் பெரும்பாலும் வயிற்றில் பூச்சி. அது சரியாகக்கூடியதுதான், பயப்பட வேண்டாம். வெள்ளைக் குட்டியாக இருந்தால், குறிப்பாக ராஜபாளையம் குட்டியாக இருந்தால், அதற்குத் தெரியாமல் பின்னால் நின்று கைதட்டிப் பாருங்கள். அந்த இனத்தில் பிறவியிலேயே காது கேட்காத குட்டிகள் உண்டு. காது கேட்காத நாயையும் கை அசைவில் பழக்கி அருமையாக வளர்க்கலாம். ஆனால் முதல் நாளே அது தெரிந்திருக்க வேண்டும்.

சைபீரியன் ஹஸ்கியும் செயின்ட் பெர்னார்டும் பனிப் பிரதேசத்து நாய்கள். மே மாதத்தில் நாமே மின்விசிறிக்கு அடியில் தவிக்கும் ஊரில் அவற்றைக் கொண்டுவந்து வைப்பது கொடுமை என்பது என் கருத்து. நம்மூர் வேட்டை நாய் இனங்களான சிப்பிப்பாறையும் கன்னியும் நம் வெயிலுக்கு ஏற்றவை, ஆனால் தினமும் ஓட இடம் வேண்டும். அடுக்குமாடி வீட்டில் முதல்முறை வளர்ப்பவருக்கு நாட்டுக் குட்டியைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரிந்து இல்லை. சென்னையில் 1959-இல் தொடங்கப்பட்ட புளூ கிராஸ் போன்ற அமைப்புகளிடமிருந்து தத்தெடுக்கலாம். உங்கள் தெருவிலேயே குட்டி போட்ட தாய் இருந்தால் எட்டு வாரம் வரை அதற்குச் சாப்பாடு வைத்துவிட்டு, பிறகு ஒன்றை எடுத்து வரலாம்.

ஒரே நேரத்தில் இரண்டு குட்டிகள் மட்டும் வேண்டாம். ஒன்றுக்கொன்று துணையாக இருக்கும் என்று தோன்றும். அவை ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே வளர்ந்து, உங்கள் குரலைக் காதில் வாங்காமல் போகும்.

குட்டி வருவதற்கு முன் வீட்டில் பேசி முடிக்க வேண்டியவை

ஒரு நாள் சாயங்காலம் எல்லாரும் உட்கார்ந்து பேசுங்கள். குட்டி எங்கே தூங்கும்? சோபாவில் ஏறலாமா கூடாதா? ராத்திரி அழுதால் யார் எழுந்திருப்பது? பகலில் யார் வீட்டில் இருப்பார்கள்? முதல் இரண்டு மாதம் பகலில் ஒருவராவது வீட்டில் இல்லையென்றால் குட்டி வேண்டாம். இரண்டு மூன்று வயதான நாயைத் தத்தெடுங்கள், அது உங்கள் நேரத்துக்கு ஒத்துவரும்.

அடுத்து, சொற்கள். "வா", "உட்கார்", "விடு", "இரு" என்று நான்கு சொற்களை எடுத்துக்கொண்டு, வீட்டில் எல்லாரும் அதையேதான் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். ஒருவர் "விடு", ஒருவர் "போடு கீழே", ஒருவர் "டிராப்" என்றால் குட்டிக்கு மூன்றும் வெறும் சத்தம்தான். குளிர்சாதனப் பெட்டிக் கதவில் நான்கு சொற்களையும் எழுதி ஒட்டிவைத்தால் வீட்டுக்கு வரும் சித்தப்பாவும் அதையே சொல்வார்.

வாடகை வீடு என்றால் வீட்டு உரிமையாளரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். குடியிருப்போர் சங்கம் நாய் வளர்க்கவே கூடாது என்று பொதுவாகத் தடை போட முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-இல் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. அதைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அதை நீட்டிப் பேச்சைத் தொடங்காதீர்கள். பக்கத்து வீட்டுக்காரரிடம் நேரில் போய், "முதல் ஒரு வாரம் ராத்திரி கொஞ்சம் சத்தம் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்வதில் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

வாங்க வேண்டியது அதிகமில்லை. எவர்சில்வர் கிண்ணம் இரண்டு, கழுத்துப் பட்டை, இலேசான நீண்ட கயிறு, கடிக்க ரப்பர் பொம்மை, பழைய பருத்திப் போர்வை, நிறையப் பழைய செய்தித்தாள். இரும்புச் சங்கிலி குட்டியின் கழுத்துக்குக் கனம், வேண்டாம்.

வீட்டைத் தயார் செய்யத் தரையில் மண்டியிட்டு ஒவ்வோர் அறையையும் பாருங்கள். நின்றுகொண்டு பார்த்தால் தெரியாதது அப்போது தெரியும். தொங்கும் சார்ஜர் ஒயர், கட்டிலுக்கடியில் எலி மருந்து, கொசுவர்த்திச் சுருள், அலமாரியின் கீழ்த்தட்டில் பாச்சை உருண்டை, பால்கனிக் கம்பிகளுக்கு நடுவே குட்டி நுழையக்கூடிய இடைவெளி. தோட்டத்தில் அரளி இருந்தால் வேலி போடுங்கள். அதன் இலை, பூ, தண்டு எல்லாமே விஷம்.

முதல் இரவு

குட்டி அழும். இதுவரை அது ஒருநாள்கூடத் தனியாகத் தூங்கியதில்லை. "அழுதால் கவனிக்காதே, பழகிவிடும்" என்று சொல்பவர்கள் உண்டு. இரண்டு மாதக் குட்டிக்கு அது சரியல்ல. உங்கள் கட்டில் பக்கத்திலேயே ஓர் அட்டைப் பெட்டியிலோ கூண்டிலோ படுக்க வையுங்கள். அழும்போது கையைத் தொங்கவிட்டு அதன் மேல் வைத்தால் போதும். கொண்டுவரும் அன்று தாயும் மற்றக் குட்டிகளும் படுத்திருந்த இடத்தில் ஒரு துணியைத் தேய்த்து எடுத்துவந்து அதன் படுக்கையில் போட்டால் அந்த வாசனையே பாதி தைரியம் கொடுக்கும். அப்புறம் வாரத்துக்கு ஓர் அடியாகப் பெட்டியை நீங்கள் விரும்பும் இடத்துக்கு நகர்த்தலாம்.

ராத்திரி நடுவே ஒருமுறை, தேவைப்பட்டால் இரண்டுமுறை எழுந்து வெளியே கொண்டுபோக வேண்டும். விளக்கைப் போட்டுக் கொஞ்சாதீர்கள். தூக்கிக்கொண்டு போய், ஒன்றுக்குப் போனதும் மெல்லப் பாராட்டி, திரும்பப் படுக்கவைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ராத்திரி இரண்டு மணி விளையாடும் நேரம் என்று முடிவு கட்டிவிடும்.

ஒரு நாளில் குட்டி பதினெட்டு, இருபது மணி நேரம்கூடத் தூங்கும். அது நோய் இல்லை. வருகிற போகிற உறவுக்காரர் எல்லாரும் தூங்குகிற குட்டியைத் தூக்கிக் கொஞ்சுவதைத் தடுப்பது உங்கள் பொறுப்பு. வந்த முதல் மூன்று நாள் விருந்தாளிகளே வேண்டாம் என்பேன்.

ஒன்றுக்கும் இரண்டுக்கும் பழக்குவது

முதல்முறை வளர்ப்பவர்கள் மனம் உடைந்துபோவது இங்கேதான். அதனால் இதை விரிவாகச் சொல்கிறேன்.

குட்டியால் எவ்வளவு நேரம் அடக்க முடியும் என்பதற்கு ஓர் உத்தேசக் கணக்கு உண்டு. வயது எத்தனை மாதமோ, அதோடு ஒன்றைக் கூட்டிக்கொள்ளுங்கள். இரண்டு மாதக் குட்டி அதிகபட்சம் மூன்று மணி நேரம். அதுவும் தூங்கும்போது. விழித்து விளையாடும்போது முக்கால் மணிக்கு ஒருமுறை போகும். தூங்கி எழுந்தவுடன், சாப்பிட்ட பத்து இருபது நிமிடத்தில், குதித்து விளையாடி முடித்தவுடன் என்று மூன்று வேளையும் நிச்சயமாகப் போகும். இந்த மூன்று நேரத்திலும் நீங்களாகவே அதைத் தூக்கிக்கொண்டு போய் ஒரே இடத்தில் விடுங்கள். மொட்டை மாடி, வீட்டுச் சுற்றுச்சுவருக்குள்ளேயே இருக்கிற மண் தரை, பால்கனியில் செய்தித்தாள் விரித்த தட்டு என்று எதுவானாலும் சரி, இடம் மாறக் கூடாது. ஊசிகள் முடியும்வரை மற்ற நாய்கள் போகிற இடம் வேண்டாம்.

இதுபோக மற்ற நேரத்தில் அதன் உடம்பே சொல்லும். விளையாடிக்கொண்டிருக்கிற குட்டி திடீரென்று பொம்மையை விட்டுவிடும். மூக்கு தரையோடு ஒட்டும். இரண்டடி நேராகப் போய்த் திரும்பி, அதே இடத்தைச் சுற்றும். சில குட்டிகள் கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்க்கும். பின்னங்கால் இரண்டும் மெல்ல அகலும். இவ்வளவும் ஐந்தாறு நொடிக்குள் முடிந்துவிடும். அந்த நேரத்தில் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தால் தரை நனைந்துவிடும். முதல் மாதம் குட்டி விழித்திருக்கும் நேரமெல்லாம் யாராவது ஒருவர் அதையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். முடியாத நேரத்தில் அதன் மூலையிலோ கூண்டிலோ விடுங்கள்.

சரியான இடத்தில் போனால், முடித்த அடுத்த நொடியே பாராட்டுங்கள். சட்டைப் பையில் வேகவைத்த கோழித் துணுக்கு எப்போதும் இருக்கட்டும். உள்ளே வந்து டப்பாவைத் திறந்து கொடுத்தால், டப்பாவுக்கு ஓடிவந்ததற்குப் பரிசு என்றுதான் அது நினைக்கும்.

தவறான இடத்தில் போனால்? போய்க்கொண்டிருக்கும்போதே பார்த்தால் சட்டென்று தூக்கிக்கொண்டு வெளியே ஓடுங்கள். முடிந்த பிறகு பார்த்தால் ஒன்றும் சொல்லாதீர்கள், துடைத்துவிடுங்கள். நம் ஊரில் மூக்கைப் பிடித்து அதிலேயே தேய்ப்பார்கள். அதில் குட்டி கற்றுக்கொள்வது ஒன்றே ஒன்றுதான்: இந்த மனிதர் பார்க்கும்போது போகக் கூடாது. அப்புறம் கட்டிலுக்கடியில் போய் ஒளிந்து போகும், வெளியே கூட்டிப்போனாலும் உங்கள் கண்ணெதிரே போகாது. நீங்கள் உள்ளே வரும்போது அது தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்பதைப் பார்த்து, "தப்பு செய்தது அதுக்கே தெரியுது" என்பார்கள். அது உங்கள் முகத்தையும் குரலையும் பார்த்துப் பயந்து நிற்கிறது, அவ்வளவுதான்.

துடைப்பதற்குப் பினாயில் போதாது. நம் மூக்குக்கு வாடை போயிருக்கும், அதன் மூக்குக்குப் போயிருக்காது. வாடை இருக்கிற இடம்தான் கழிப்பிடம் என்று மறுபடி அங்கேயே வரும். போதாக்குறைக்கு ஈரம் காயாத தரையில் நடந்து பாதத்தை நக்கும். வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து துடையுங்கள், அல்லது இதற்கென்றே விற்கும் என்சைம் திரவம் வாங்கிக்கொள்ளுங்கள்.

பெரும்பாலான குட்டிகள் நான்கு முதல் ஆறு மாதத்துக்குள் பழகிவிடும். நடுவில் ஒரு வாரம் எல்லாம் மறந்ததுபோல இருக்கும், சோர்ந்துபோகாதீர்கள். நன்றாகப் பழகிய குட்டி திடீரென்று அடிக்கடி சொட்டுச் சொட்டாகப் போனால் சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம், டாக்டரிடம் காட்டுங்கள்.

கடி

குட்டிக்கு வாய்தான் கை. பால்பற்கள் 28, ஒவ்வொன்றும் ஊசி. மூன்றரை, நான்கு மாதத்தில் அவை விழத் தொடங்கி, ஆறு ஏழு மாதத்துக்குள் 42 நிரந்தரப் பற்கள் வந்துவிடும். அதுவரை கை, கால், வேட்டி நுனி, புடவைத் தலைப்பு, செருப்பு என்று எதுவும் தப்பாது. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வெறிபிடித்ததுபோல வீடு முழுக்க ஓடி, வந்து காலைக் கவ்வும். பலர் இதைக் கோபம் என்று நினைக்கிறார்கள். தூக்கம் போதாத குட்டிதான் அப்படிச் செய்யும். அந்த நேரத்தில் இன்னும் விளையாட்டுக் காட்டாமல், கடிக்க ஒன்றைக் கொடுத்து அதன் மூலையில் படுக்க வைத்தால் பத்து நிமிடத்தில் தூங்கிவிடும்.

கையைக் கடித்தால் கையை வெடுக்கென்று இழுக்காதீர்கள், இழுத்தால் துரத்தும். அசையாமல் நிறுத்துங்கள். விட்டவுடன் எழுந்து, முகத்தைத் திருப்பி, அரை நிமிடம் தள்ளி நில்லுங்கள். திரும்பி வந்து பொம்மையைக் கொடுத்து அதைக் கடித்தால் பாராட்டுங்கள். பல்லால் கை பட்டால் விளையாட்டு நின்றுவிடும் என்பது ஒரு நாளில் புரியாது, சில வாரங்களில் புரியும். அதுவும் எல்லாரும் இதையே செய்தால்தான். ஒரு மாமா வந்து கையைச் சண்டைக்கு நீட்டி விளையாடிவிட்டுப் போனால் ஒரு வார உழைப்பு போய்விடும். மூக்கில் தட்டுவதும் வாயை அழுத்திப் பிடிப்பதும் வேண்டாம். கையைப் பார்த்தாலே பயப்படும் நாய்தான் பின்னாளில் நிஜமாகவே கடிக்கும்.

ஈறு அரிக்கும்போது, ஈரத்துணியை முறுக்கி உறைய வைத்துக் கொடுக்கலாம். குளிர்ந்த கேரட்டும் நல்லது. வேகவைத்த எலும்பு கூடவே கூடாது, சிலாம்பு சிலாம்பாக உடைந்து தொண்டையிலும் குடலிலும் குத்தும். ஒரு நாள் பெருக்கும்போது அரிசிமணி போல ஒரு சின்னப் பல் கிடைக்கும். பெரும்பாலான பற்களைக் குட்டியே விழுங்கிவிடும் என்பதால் கிடைத்தது அதிர்ஷ்டம்தான். பலரும் அதை எடுத்துப் பத்திரப்படுத்துகிறார்கள். ஏழு மாதமாகியும் பழைய கோரைப்பல் விழாமல் புதியதோடு ஒட்டி நின்றால் டாக்டரிடம் காட்டுங்கள்.

வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும் ஒன்று சொல்லிக்கொடுங்கள்: குட்டி துரத்தினால் கத்திக்கொண்டு ஓடக் கூடாது, அப்படியே நின்று கையைக் கட்டிக்கொள்ள வேண்டும். ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையையும் குட்டியையும் பெரியவர் யாரும் இல்லாமல் ஒரே அறையில் விடாதீர்கள்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். ஊசி போடாத குட்டியின் பல்லோ நகமோ பட்டுத் தோல் கிழிந்தால், "குட்டிதானே" என்று விடாதீர்கள். ரேபிஸ் என்கிற வெறிநோய் குட்டிகளுக்கும் வரும், அறிகுறி தோன்றிய பிறகு மனிதர்களைக் காப்பாற்ற மருந்து கிடையாது என்றே சொல்லலாம். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். சுண்ணாம்பு, மஞ்சள், மிளகாய்த்தூள் எதையும் வைக்காதீர்கள். அன்றே அரசு மருத்துவமனைக்குப் போனால் இலவசமாக ஊசி போடுவார்கள். தோலுக்குள் போடும் முறையில் முதல் நாள், பிறகு 3, 7, 28-ஆம் நாட்கள். நான்கையும் முடியுங்கள்.

ஊசியும் மாட்டாஸ்பத்திரியும்

வந்த ஓரிரு நாளிலேயே குட்டியைக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். ஊர்களில் மாட்டாஸ்பத்திரி என்று சொல்கிற அரசு கால்நடை மருந்தகத்திலேயே நாயையும் பார்ப்பார்கள். சென்னையில் 1903-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை வேப்பேரியில் இருக்கிறது. நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கல்லூரிகளிலும் மருத்துவமனை உண்டு. வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு டாக்டர், ராத்திரியில் அவசரத்துக்குப் போக ஓர் இடம் என்று இரண்டையும் முன்பே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

பூச்சி மருந்து முதலில். மூன்று மாதம் ஆகும்வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை என்பது பொதுவான வழக்கம். அளவு எடையைப் பொறுத்தது, அதனால் டாக்டர் சொல்வதையே கொடுங்கள். அப்புறம் டிஸ்டெம்பர், பார்வோ, கல்லீரல் அழற்சி ஆகிய வைரஸ் நோய்களுக்கான கூட்டு ஊசி. ஆறு முதல் எட்டு வாரத்தில் ஒன்று, பிறகு மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, பதினாறு வாரம் ஆகும்வரை. ஒரு ஊசியோடு முடிந்துவிடாததற்குக் காரணம் உண்டு. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடம்பில் இருக்கும்வரை ஊசி மருந்து வேலை செய்வதை அது தடுக்கும். எந்தக் குட்டிக்கு எந்த வாரத்தில் அது தீரும் என்று சொல்ல முடியாது. அதனால்தான் பதினாறு வாரம் தாண்டும்வரை விடாமல் போடுகிறார்கள். ரேபிஸ் ஊசி மூன்று மாதத்தில். ஒரு வயதில் எல்லாவற்றுக்கும் பூஸ்டர். மழைக்காலத்தில் தெருவில் தேங்கும் தண்ணீரில் எலியின் சிறுநீர் கலந்து லெப்டோஸ்பைரோசிஸ் என்கிற எலிக்காய்ச்சல் வரும், அதற்கான ஊசியையும் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

பார்வோவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். குட்டி சாப்பாட்டைத் தொடாது, சுருண்டு படுக்கும், வாந்தி எடுக்கும், பிறகு ரத்தம் கலந்த பேதி. அந்த நாற்றத்தை ஒருமுறை முகர்ந்தவர்கள் மறக்க மாட்டார்கள். "நாளைக்குக் காலையில் பார்க்கலாம்" என்று இருந்துவிடாதீர்கள். சின்ன உடம்பில் தண்ணீர் வற்றிப்போக ஓர் இரவு போதும். உடனே டிரிப்ஸ் ஏற்றினால் பல குட்டிகள் பிழைத்துக்கொள்கின்றன. இந்தக் கிருமி மண்ணிலும் தரையிலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். வீட்டில் ஒரு குட்டி பார்வோவில் இறந்திருந்தால், ஊசிகள் முடியாத அடுத்த குட்டியை அங்கே கொண்டுவராதீர்கள். பிளீச்சிங் திரவம் ஒரு பங்குக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து தரையையும் பாத்திரங்களையும் கழுவுங்கள்.

நம் ஊரில் அடுத்த எதிரி உண்ணி. காதுக்குள், கழுத்துப் பட்டைக்கு அடியில், விரலிடுக்கில் தினமும் தடவிப் பாருங்கள். சின்ன இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். மண்ணெண்ணெய் தடவுவது, நெருப்பு வைப்பது, விரலால் நசுக்குவது எல்லாம் வேண்டாம். உண்ணிக் காய்ச்சல் வந்தால் சோர்வு, பசியின்மை, வெளுத்த ஈறு, சில சமயம் மூக்கிலிருந்து ரத்தம். காய்ச்சலுக்கு நாம் போடும் பாராசிட்டமால், இபுபுரூஃபன் மாத்திரைகளை நாய்க்கு நீங்களாகக் கொடுக்கவே கூடாது.

சாப்பாடு

மூன்று மாதம் வரை நாளைக்கு நான்கு வேளை, ஆறு மாதம் வரை மூன்று வேளை, அதன்பின் இரண்டு வேளை. முதல் சில நாள் அது முன்பு எதைச் சாப்பிட்டதோ அதையே கொடுங்கள், பிறகு ஒரு வாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்றுங்கள். குழைந்த சோறு, எலும்பில்லாத வேகவைத்த கோழி, முட்டை, பூசணி, கேரட், உப்பு காரம் இல்லாமல். ஆனால் சோறும் கறியும் மட்டும் என்றால் வளரும் எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்து போதாது. அதனால் குட்டிகளுக்கென்று வரும் நல்ல உலர் உணவை முக்கியமாகவும் வீட்டுச் சாப்பாட்டைத் துணையாகவும் வைத்துக்கொள்வது முதல்முறை வளர்ப்பவருக்குப் பத்திரமான வழி. கால்சியம் டானிக்கை நீங்களாக ஊற்றாதீர்கள். பெரிய இனக் குட்டிகளுக்கு அதிகமானாலும் எலும்பு கோணும்.

பசும்பால் பல குட்டிகளுக்குப் பேதியாகும், தயிர் ஒத்துக்கொள்ளும். டீக்கடை பிஸ்கட்டை ஒரு வேளைச் சாப்பாடாகப் போடும் பழக்கம் வேண்டாம். வெங்காயம், பூண்டு, திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட் ஆகியவை விஷம். பாட்டியிடம் இதைப் பயமுறுத்திச் சொல்லாமல், காரணத்தோடு சொல்லுங்கள். பாயசத்திலிருந்து எடுத்துப் போடும் உலர்திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று தெரிந்தால் அவரே மற்றவர்களைத் தடுப்பார். அவருக்குக் கொடுக்க ஆசையென்றால், தினமும் ஒரு வேளைச் சாப்பாட்டை அவர் கையால் வைக்கச் சொல்லுங்கள்.

உலகத்தைக் காட்டுவது

மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய பதினான்காவது வாரம் வரை பார்ப்பது, கேட்பது, முகர்வது எல்லாவற்றையும் குட்டியின் மனம் எளிதாக ஏற்றுக்கொள்ளும். அதன்பிறகு புதியது என்றாலே முதலில் சந்தேகம் வரும். சிக்கல் என்னவென்றால் இதே வாரங்களில்தான் ஊசி முடியாமல் இருக்கும், தரையில் விட முடியாது. அதனால் தூக்கிக்கொண்டு போங்கள். தெருமுனையில் பத்து நிமிடம் நில்லுங்கள். ஆட்டோ, பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள், குடை பிடித்தவர், தலைக்கவசம் போட்டவர், காய்கறி வண்டியின் ஒலிபெருக்கி, கோயில் மேளம் எல்லாம் அதன் கண்ணிலும் காதிலும் படட்டும். வீட்டில் மிக்சி ஓடும்போதும் குக்கர் விசிலடிக்கும்போதும் ஒரு துணுக்குக் கோழி கொடுங்கள். தீபாவளிக்கு முன்பே வெடிச் சத்தத்தைக் கைப்பேசியில் மிக மெல்லிய ஒலியில் வைத்து, விளையாடும்போது கேட்கவிடுங்கள். குட்டி பயந்து ஒதுங்கினால் கட்டாயப்படுத்தாமல் தள்ளிப் போய்விடுங்கள்.

ஊசிகள் முடிந்து நடைக்குக் கூட்டிப்போகத் தொடங்கினால் வெயிலைப் பாருங்கள். புறங்கையைத் தார்ச்சாலையில் ஏழு நொடி வைக்க முடியவில்லை என்றால் அதன் பாதமும் சுடும். கத்திரி வெயில் நாட்களில் விடிந்து ஏழு மணிக்குள், இல்லையென்றால் இருட்டிய பிறகு.

தனியாக இருக்கவும் சின்ன வயதிலேயே பழக்க வேண்டும். குப்பை கொட்டப் போகும்போது ஒரு நிமிடம், அண்ணாச்சி கடைக்குப் போகும்போது பத்து நிமிடம் என்று ஆரம்பியுங்கள். போகும்போது கொஞ்சி விடைபெறுவதும் வரும்போது கொண்டாட்டம் போடுவதும் வேண்டாம்.

கூப்பிட்டால் வருவது

நான்கு சொற்களில் மிக முக்கியமானது "வா". வந்தால் எப்போதும் நல்லதுதான் நடக்க வேண்டும். திட்டுவதற்கு, குளிப்பாட்ட, மருந்து ஊற்றக் கூப்பிடாதீர்கள். அதற்கெல்லாம் நீங்களே போய்த் தூக்கிக்கொள்ளுங்கள். முதலில் அறைக்குள் இரண்டடி தூரத்தில், பிறகு அடுத்த அறையிலிருந்து, அப்புறம் நீண்ட கயிற்றோடு மொட்டை மாடியில். ஒருவர் இந்த மூலையில், ஒருவர் அந்த மூலையில் உட்கார்ந்து மாற்றி மாற்றிக் கூப்பிடுங்கள்.

நாட்டுக் குட்டிகளுக்கு நான்காவது மாதம் வாக்கில் காது நிமிரத் தொடங்கும். இரண்டும் ஒன்றாக நிமிராது. ஒன்று நிமிர்ந்து, ஒன்று மடிந்து, மறுநாள் அது மடிந்து இது நிமிர்ந்து சில வாரம் போகும். அந்த ஒற்றைக் காதோடு மாடியின் அடுத்த கோடியிலிருந்து உங்கள் குரல் கேட்டு, கால் வழுக்க, உடம்பே கோணிக்கொண்டு ஓடிவரும் பாருங்கள், அதுவரை தரை துடைத்ததெல்லாம் நினைவிலேயே இருக்காது. நாய் வேண்டவே வேண்டாம் என்று சொன்ன அப்பாதான் சாயங்காலம் முதலில் "எங்கே அவன்?" என்று கேட்டுக்கொண்டு வீட்டுக்குள் வருவார்.

ஆறு மாதத்துக்குப் பிறகு

குட்டி இளவட்டமாகும். கூப்பிட்டால் ஒரு பார்வை பார்த்துவிட்டு வேறு பக்கம் போகும். கற்றுக்கொடுத்தது வீணாகவில்லை. ஒரு வயது, ஒன்றரை வயது வரை இது இருக்கும். மறுபடி கயிறு கட்டி, சின்ன தூரத்திலிருந்து தொடங்குங்கள். தெரு நாய்களோடு உரசல் வரும் வயதும் இதுதான், கயிற்றை அவிழ்த்து விடாதீர்கள்.

கருத்தடையைப் பற்றி டாக்டரிடம் பேசுங்கள். நாட்டு நாய்களுக்குப் பெரும்பாலும் ஆறு மாத வாக்கில் செய்கிறார்கள், பெரிய இனங்களுக்குத் தள்ளிச் செய்வது உண்டு. பெண் நாய் ஒருமுறையாவது குட்டி போட வேண்டும் என்பது வெறும் நம்பிக்கை. முதல் இனச்சேர்க்கைப் பருவத்துக்கு முன்பே செய்தால் பின்னாளில் மார்புக் கட்டி வரும் வாய்ப்பு மிகவும் குறைகிறது. சென்னை போன்ற மாநகராட்சிகளில் வளர்ப்பு நாய்க்கு உரிமம் கட்டாயம். அதற்கு ரேபிஸ் ஊசிச் சான்று வேண்டும், ஊசி அட்டையைத் தொலைத்துவிடாதீர்கள்.

பொங்கலுக்கோ கல்யாணத்துக்கோ ஊருக்குப் போக வேண்டிவரும். முன்பின் தெரியாத விடுதியில் முதல்முறையே ஒரு வாரம் விட்டுவிட்டுப் போகாதீர்கள். குட்டிக்குப் பழக்கமான ஒருவர் வீட்டிலோ, நீங்கள் நேரில் பார்த்துத் திருப்தியான இடத்திலோ, முன்கூட்டியே ஓர் இரவு மட்டும் விட்டுப் பாருங்கள். போகும்போது அதன் போர்வையைத் துவைக்காமல் கொடுங்கள். ஊசி அட்டை, டாக்டரின் எண், எத்தனை மணிக்கு எவ்வளவு சாப்பாடு என்ற விவரம், அதோடு குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கும் அந்த நான்கு சொற்கள், இவற்றையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.